எடைக் குண்டை மாற்றிய கை: ஃபேனி லூ ஹேமர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரூல்வில் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே மார்லோ குடும்பத்தின் பருத்திப் பண்ணை. கறுப்பின மக்கள் பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை பருத்தி எடுத்து, மூட்டையைச் சுமந்துகொண்டு தராசடிக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பண்ணையாரின் தராசில் எடைக் குண்டு சரியாக இருக்காது. இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருக்கும். நூறு பவுண்டு பருத்தி அந்தத் தராசில் நூறு பவுண்டு காட்டாது. ஏய்ப்பு எல்லாருக்கும் தெரியும், வாய் திறக்க முடியாது. அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்த பெண்மணி, சரியான எடையுள்ள குண்டு ஒன்றைத் தன்னோடு வயலுக்குக் கொண்டுவந்தார். பண்ணையார் கண்ணில் படாத நேரத்தில் அதை மாட்டி எடை போட்டார். அவர் வருவது தெரிந்தால் பழைய குண்டு தராசுக்கு ஏறிவிடும்.

அவர் பெயர் ஃபேனி லூ ஹேமர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், ஆலயத்தில் பாடுகிறவர். கள்ளத் தராசைக் கண்டிக்கும் வேதவசனம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கு மனப்பாடமாகத் தெரியும். அதைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஹேமர் குண்டை மாற்றினார்.

தலித் மக்களைப் பற்றிய இந்தப் பத்தியில் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், தன் பெயரைக் கறுஞ்சிறுத்தைகள் என்ற அமெரிக்க இயக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தச் சிறுத்தைச் சின்னம் முதலில் அலபாமா மாநிலத்தின் ஒரு கிராமப்புற மாவட்டத்தில் வாக்குரிமைக்காக எழுந்தது. அதை அங்கே வளர்த்த மாணவர் அமைப்புதான் ஹேமரும் முழுநேர ஊழியராக இருந்த அமைப்பு. உறவு அவ்வளவு தூரத்து உறவு இல்லை. ஆனால் நாம் இவரைப் பற்றி எழுத அதைவிட முக்கியமான காரணம், ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பக்தி எதற்கு உதவும் என்ற கேள்வி. பக்தி மனிதரை அடங்கிப்போகச் செய்யும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். அப்படிச் செய்தும் இருக்கிறது. ஹேமரின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குள் வேறு ஒரு பக்கத்திலிருந்து நுழைகிறது.

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பியின் மான்ட்கோமரி மாவட்டத்தில் அவர் பிறந்தார். தந்தை ஜிம் டவுன்சென்ட், தாய் லூ எல்லா. இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. இரண்டு வயதில் குடும்பம் சன்ஃப்ளவர் மாவட்டத்துக்குப் போனது. டெல்டா என்று அழைக்கப்படும் கரிசல் போன்ற வளமான சமவெளி அது. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பினத்தவருடையது. அடிமை முறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. அதன் இடத்தில் வாரச் சாகுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, துணி எல்லாவற்றையும் கழிப்பார்கள். கணக்கு நோட்டு பண்ணையார் கையில் இருக்கும். வருடக் கடைசியில் வாரதாரருக்கு மிஞ்சுவது கடன். வாரச் சாகுபடி தெரிந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆறு வயதில் ஃபேனி லூ சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்தபோது பண்ணையார் வண்டியை நிறுத்தினார். பருத்தி எடுக்கத் தெரியுமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் 30 பவுண்டு எடுத்தால் பண்ணைக் கடையில் மீன் டப்பாவும் தின்பண்டமும் தருவதாகச் சொன்னார். குழந்தை எடுத்தது, தின்பண்டமும் கிடைத்தது. அடுத்த வாரம் 60 பவுண்டு கேட்டார். பதின்மூன்று வயதில் அவர் ஒரே நாளில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு டப்பா மீனுக்குத் தன்னை எப்படிக் கட்டிப்போட்டார்கள் என்பதைப் பெரியவரான பிறகு மேடை மேடையாகச் சொன்னார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சற்று விந்தி நடக்கும். பள்ளிக்கூடம் வருடத்துக்கு நான்கு மாதம்தான், பருத்தி வேலை இல்லாத மாதங்களில் மட்டும். அதுவும் சில ஆண்டுகளோடு முடிந்தது. படிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளை. பள்ளி நின்ற பிறகு வாசிக்கக் கிடைத்த முக்கியமான புத்தகம் வேதாகமம்தான்.

தந்தை ஊழியக்காரர். ஆலயத்தில் பிரசங்கம் செய்வார். வருமானத்துக்காகக் கள்ளச் சாராயமும் விற்றிருக்கிறார், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் எப்படியோ கொஞ்சம் காசு சேர்த்துக் கோவேறு கழுதைகளும் கலப்பையும் வண்டியும் வாங்கி, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்யத் தொடங்கினார். குடும்பம் நிமிர்கிற நேரம். ஒரு நாள் இரவில் யாரோ ஒரு வெள்ளையர் வந்து கழுதைகளின் தீவனத்தில் பூச்சிக்கொல்லி நஞ்சைக் கலந்துவிட்டுப் போனார். கழுதைகள் வயிறு ஊதிச் செத்தன. குடும்பம் மறுபடியும் வாரத்துக்கு வந்தது. தாய் லூ எல்லா பிள்ளைகளை அடிக்க வருகிற வெள்ளை மேற்பார்வைக்காரனை எதிர்த்து நிற்பவர். வயலுக்குப் போகும்போது வாளியில் துணிக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு போவார். அதே தாய்தான் யாரையும் வெறுக்கக் கூடாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்த இரண்டும் மகளிடம் கடைசிவரை சேர்ந்தே இருந்தன.

1940களின் நடுவில் ஃபேனி லூ பெரி ஹேமர் என்ற டிராக்டர் ஓட்டுநரை மணந்தார். மார்லோ பண்ணையில் 18 ஆண்டுகள் வேலை செய்தார். வாரதாரர், கணக்கெழுதுபவர், பண்ணையார் வீட்டுக்குத் துப்புரவுப் பெண் எல்லாம் அவரே. 1961-இல் வயிற்றில் கட்டி என்று மருத்துவமனைக்குப் போனார். கட்டியை எடுக்கப் போனவருக்குக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பண்ணை வீட்டுப் பேச்சின் வழியாகத்தான் அவருக்கு விஷயம் தெரியவந்தது. கறுப்பின ஏழைப் பெண்களுக்கு இது அடிக்கடி நடந்ததால் மிசிசிப்பி குடல்வால் அறுவை என்று கசப்பாக ஒரு பெயரே உண்டு. வழக்குப் போட அங்கே வழி கிடையாது. மூன்று ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் ஒரு பொதுக் கூட்டத்தில், தன் ஊர் மருத்துவமனைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இது நேர்ந்திருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். பெண்கள் இதையெல்லாம் வெளியே பேசாத காலம் அது. ஹேமர் தம்பதி இரண்டு பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

1962 ஆகஸ்ட். ரூல்வில்லில் உள்ள வில்லியம்ஸ் சாப்பல் ஆலயத்தில் ஒரு கூட்டம். கிங்கின் அமைப்பைச் சேர்ந்த போதகர் ஜேம்ஸ் பெவல் பிரசங்கம் செய்தார். வானத்தைப் பார்த்து மழை வெயில் சொல்லத் தெரிந்தவர்களுக்குக் காலத்தின் அடையாளங்கள் ஏன் தெரியவில்லை என்று இயேசு கேட்கும் பகுதியை எடுத்துப் பேசினார். பிறகு மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் ஜேம்ஸ் ஃபோர்மன் எழுந்து வாக்குரிமையைப் பற்றிச் சொன்னார். தனக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே ஹேமருக்கு அன்றுதான் தெரியும். வயது 44. யார் யார் பதிவு செய்ய வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கினார்.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் 26 மைல் தொலைவில் உள்ள இண்டியானோலாவுக்குப் போனார்கள். அங்கே வாக்காளர் பதிவு என்பது ஒரு பரீட்சை. நீண்ட படிவம். அதில் யாரிடம் வேலை செய்கிறாய் என்றும் ஒரு கேள்வி. பதில் எழுதினால் பண்ணையாருக்குச் செய்தி போய்விடும். பிறகு மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் தர வேண்டும். ஹேமருக்கு வந்தது 16-ஆம் பிரிவு. எழுதினார், விளக்கம் தர முடியவில்லை. தேறவில்லை என்றார்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் வெள்ளையருக்கு இந்தப் பரீட்சை எப்படியும் தேறிவிடும், விடைத்தாளைத் திருத்துகிறவர் யார் என்பதில்தான் விஷயம்.

திரும்பி வரும்போது போலீஸ் பேருந்தை மறித்தது. வண்டியின் மஞ்சள் நிறம் அதிகமாக இருக்கிறதாம், பள்ளிப் பேருந்து போல் தெரிகிறதாம். ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம். பேரம் பேசி 30 டாலராகக் குறைந்தது. பேருந்துக்குள் இருந்தவர்கள் நடுங்கிப்போயிருந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் பாடத் தொடங்கியது. ஞாயிறு பள்ளியில் குழந்தைகள் பாடுகிற, சிறு விளக்கைப் பற்றிய பாட்டு. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குரல் ஹேமருடையது. இயக்கத்தார் அவரைக் கவனித்தது அந்தப் பயணத்தில்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் பண்ணையாருக்குத் தகவல் போய்விட்டது. பதிவு மனுவைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் இன்றே வெளியேற வேண்டும் என்றார் மார்லோ. தான் பதிவு செய்யப் போனது அவருக்காக அல்ல, தனக்காக என்று ஹேமர் பதில் சொன்னார். 18 ஆண்டு உழைத்த பண்ணையை அன்று இரவே விட்டுப் போனார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பொருள்கள் கிடைக்காது என்றார்கள். அறுவடை முடிந்ததும் அவரையும் துரத்தினார்கள். காரும் தட்டுமுட்டுச் சாமான்களும் போயின. செப்டம்பர் 10 அன்று ஹேமர் தங்கியிருந்த நண்பர் வீட்டின் மேல் 16 குண்டுகள் பாய்ந்தன. அவருக்குக் காயமில்லை. பிறகு குடியேறிய வீட்டுக்கு 9,000 டாலர் தண்ணீர்க் கட்டணம் என்று சீட்டு வந்தது. அந்த வீட்டில் குழாயே கிடையாது.

அந்த நாட்களில் அவர் சும்மா இருந்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். டிசம்பரில் மறுபடியும் பதிவு அலுவலகம் போனார். இந்த முறை தேறவில்லை என்றால் அடுத்த மாதமும் வருவேன், அதற்கடுத்த மாதமும் வருவேன் என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். 1963 ஜனவரியில் தேறினார். ஆனாலும் அந்த ஆண்டு ஓட்டுப் போட முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கான வாக்கு வரி ரசீது வேண்டும் என்றார்கள். கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு.

1963 ஜூனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென் கரோலினாவில் குடியுரிமைப் பயிற்சி முடித்துவிட்டு ஹேமரும் தோழர்களும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 9 அன்று வினோனா என்ற ஊரில் வண்டி நின்றது. அவர் பிறந்த மான்ட்கோமரி மாவட்டத்தின் தலைநகர் அது. சிலர் பேருந்து நிலைய உணவகத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து விரட்டியது, பிறகு கைது செய்தது. வண்டியிலிருந்து என்னவென்று பார்க்க இறங்கிய ஹேமரையும் பிடித்துக்கொண்டார்கள். சிறையில் முதலில் இளம்பெண்களை அடித்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 15. அலறல் அடுத்த அறைக்குக் கேட்டது. அனெல் பாண்டர் என்ற ஆசிரியை, அதிகாரிகளை ஐயா என்று கூப்பிட மறுத்து அடி வாங்கிக்கொண்டே, அவர்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு ஜெபித்ததை ஹேமர் கேட்டார். பிறகு அவர் முறை. வெள்ளை அதிகாரிகள் தங்கள் கையால் தொடங்கவில்லை. இரண்டு கறுப்பினக் கைதிகளை வரவழைத்து, கையில் தோல் தடியைக் கொடுத்து, கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து அடிக்கச் சொன்னார்கள். ஒடுக்கப்பட்டவனின் கையாலேயே ஒடுக்கப்பட்டவளை அடிக்க வைக்கும் வித்தை எல்லா நாட்டு ஆதிக்கத்துக்கும் தெரிந்ததுதான். ஹேமரின் சிறுநீரகம் பழுதுபட்டது. ஒரு கண்ணில் இரத்தக் கட்டு. கால் விந்தல் அதிகமானது. அந்தக் காயங்கள் சாகும்வரை ஆறவில்லை.

சிறையறைக்குள் அவர்கள் பாடினார்கள். பவுலும் சீலாவும் சிறையில் நள்ளிரவில் பாடிய கதை கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். இவர்கள் பாடியதும் அதைப் பற்றிய பாட்டுத்தான்.

சிறை அதிகாரியின் மனைவி இவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் நல்ல கிறிஸ்தவர்களாக இருப்பீர்கள் போலிருக்கிறது என்று ஹேமர் அவரிடம் சொன்னார். அந்தப் பெண்ணும், தான் கிறிஸ்தவ வாழ்க்கை வாழ முயல்வதாகச் சொன்னார். அப்படியானால் வீட்டில் போய் இரண்டு வசனங்களை எடுத்துப் படியுங்கள் என்றார் ஹேமர். நீதிமொழிகள் 26:26, அப்போஸ்தலர் 17:26. முதலாவது, பகையை வஞ்சகத்தால் மூடினாலும் அது சபை நடுவில் வெளிப்பட்டுவிடும் என்பது. இரண்டாவது, மனுஷ ஜாதிகள் எல்லாரையும் கடவுள் ஒரே இரத்தத்தால் உண்டாக்கினார் என்பது. அந்தப் பெண் அதைத் தாளில் குறித்துக்கொண்டு போனார். திரும்ப வந்து அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

உடம்பெல்லாம் வீங்கிக் கிடந்த ஒருவர், தன்னை அடித்த ஆள்களின் வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சு இது. சாபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாம் படித்தவரையில் ஹேமரின் விசுவாசத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற சம்பவம் வேறில்லை. நீயும் நானும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானே, அவர் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா என்று எதிரியின் வீட்டுக்குள்ளேயே கேள்வியை அனுப்பிவிடுகிறார்.

ஜூன் 12 அன்று ஆண்ட்ரூ யங்கும் ஜேம்ஸ் பெவலும் வந்து அவர்களை மீட்டார்கள். வெளியே வந்தபோதுதான், அதே நாள் அதிகாலையில் மெட்கர் எவர்ஸ் என்ற மிசிசிப்பித் தலைவர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி தெரிந்தது. அடித்த அதிகாரிகள் ஐந்து பேர் மீது வழக்கு நடந்தது. டிசம்பரில் வெள்ளை நடுவர் குழு ஐவரையும் விடுவித்தது.

அப்போது மிசிசிப்பி மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஓட்டுரிமை வயதில் இருந்த கறுப்பினத்தவரில் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஜனநாயகக் கட்சி அங்கே வெள்ளையர் மட்டுமே உள்ள கட்சி. அதற்கு எதிராக 1964 ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தொடங்கப்பட்டது. ஹேமர் அதன் துணைத் தலைவரானார். நாடாளுமன்றத் தொகுதிக்கான கட்சித் தேர்வில் தானும் வேட்பாளராக நின்றார். தோற்பது உறுதி. தன் வாழ்நாளின் முதல் ஓட்டைத் தனக்கே போட்டுக்கொண்டதைப் பெருமையாகச் சொல்வார். அந்தக் கோடையில் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டு மண் அணைக்கட்டு ஒன்றில் புதைக்கப்பட்டிருந்தார்கள். கூட்டங்களுக்கு இடம் தந்த வில்லியம்ஸ் சாப்பல் ஆலயத்தின் மேலும் தீக்குண்டு விழுந்தது.

ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். கையில் காகிதம் இல்லை. இண்டியானோலா பேருந்து, மார்லோ, பதினாறு குண்டுகள், வினோனா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நேரடி ஒளிபரப்பு. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனாதிபதி ஜான்சனுக்குப் பயம் வந்துவிட்டது. அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டு எதையோ பேசி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் அன்று மாலை தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை மறுபடியும் ஒளிபரப்பின. பகலில் பார்த்தவர்களைவிட இரவில் பார்த்தவர்கள் அதிகம்.

68 பேர் கொண்ட குழுவுக்கு இரண்டே இடம் தருவதாகச் சமரசம் பேசினார்கள். பேச வந்தவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, துணை ஜனாதிபதி பதவிக்குக் காத்திருந்தவர். நல்ல மனிதர், கறுப்பின மக்களுக்கு ஆதரவாளர் என்று பெயர் எடுத்தவர். நாலு லட்சம் கறுப்பின மக்களின் உயிரைவிட உங்கள் பதவி பெரிதா என்று ஹேமர் அவரிடமே கேட்டார். நீங்கள் சரியானதைச் செய்தால் இந்தப் பதவி போகலாம், ஆனாலும் கடவுள் உங்களைக் காப்பார், நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றும் சொன்னார். அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளுக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. கிங் உள்படப் பெரிய தலைவர்கள் சமரசத்தை ஏற்கலாம் என்ற பக்கம் நின்றார்கள். இந்தக் கிராமத்து ஜனங்களுக்கு அரசியல் தெரியாது என்று படித்த தலைவர்கள் சிலர் நடந்துகொண்டது ஹேமரின் மனத்தைப் புண்படுத்தியது. குழு சமரசத்தை நிராகரித்துவிட்டு ஊர் திரும்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968-இல் சிகாகோ மாநாட்டுக்குள் அவர் முறையான பிரதிநிதியாக நுழைந்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது.

போதகர்களை அவர் சும்மா விட்டதில்லை. பண்ணையாருக்குப் பயந்து ஆலயத்தைப் பூட்டி வைத்தவர்களை, விருந்துக்கு மட்டும் முன்னால் வருகிறவர்களை மேடையிலேயே பெயரைச் சொல்லாமல் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து எதுவும் செய்யாதவர் மடியில் கடவுள் எதையும் கொண்டுவந்து போட மாட்டார் என்பது அவர் கருத்து. ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவருக்கு விடுதலை என்று இயேசு தன் ஊழியத்தைத் தொடங்கும் லூக்கா நான்காம் அதிகாரம் அவருக்கு மிகப் பிடித்த பகுதி. கிறிஸ்து இன்று இருந்தால் அவரையும் கலகக்காரர் என்றுதான் சொல்வார்கள் என்பார். வெள்ளையரை வெறுக்க மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். வெறுப்பு தன்னையும் அவர்களைப் போல் பலவீனமாக்கிவிடும் என்று நம்பினார். அதே நேரம் படுக்கையறையின் ஒவ்வொரு மூலையிலும் துப்பாக்கி வைத்திருப்பதாகவும் கூசாமல் சொன்னார். அவரைப் புனிதராக்கி நடுவீட்டில் மாட்டி வைக்க விரும்புகிறவர்கள் இந்தத் துப்பாக்கியைக் கழற்றிவிடுவார்கள். நாம் அதை விட்டுவிட விரும்பவில்லை. வாளியில் துணிக்கு அடியில் தாய் வைத்திருந்ததன் தொடர்ச்சி அது.

ஓட்டு வந்துவிட்டது, சோறு வரவில்லை. பருத்தி எடுக்க இயந்திரம் வந்தது, களையெடுக்க மருந்து வந்தது. பண்ணைகளுக்கு ஆள் தேவைப்படவில்லை. ஓட்டுப் போடப் போன குடும்பங்களை முதலில் விரட்டினார்கள். அதே சன்ஃப்ளவர் மாவட்டத்தில்தான் செனட்டர் ஈஸ்ட்லண்டின் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணையும் இருந்தது, அதற்கு அரசின் மானியமும் போய்க்கொண்டிருந்தது. 1967-இல் ஹேமரின் வளர்ப்பு மகள் டோரதி, பிள்ளை பெற்றபின் சத்தின்மையால் நோய்வாய்ப்பட்டார். பக்கத்து மருத்துவமனைகளில் சேர்க்கவில்லை. நூறு மைலுக்கு மேல் தாண்டி மெம்ஃபிஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உயிர் போனது. பேத்திகள் இருவரையும் ஹேமர் தம்பதியே வளர்த்தார்கள். நாட்டின் தொலைக்காட்சி முழுவதும் முகம் தெரிந்த ஒரு தலைவியின் மகள் பட்டினி நோயில் செத்தாள் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அவர் செய்தது பன்றி வளர்ப்பு. கறுப்பினப் பெண்களின் தேசியக் கவுன்சில் உதவியோடு பன்றி வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார். ஒரு குடும்பத்துக்குச் சினைப் பன்றி ஒன்று கொடுப்பார்கள். குட்டி போட்டதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தர வேண்டும். மீதி குடும்பத்துக்கு. திரும்பி வந்த குட்டிகள் அடுத்த குடும்பங்களுக்குப் போகும். வட்டி இல்லை, ஈடு இல்லை. வீட்டில் இறைச்சி இருந்தால் பண்ணையார் பட்டினி போட்டு மிரட்ட முடியாது என்பது அவர் கணக்கு. 1969-இல் நன்கொடை திரட்டி 40 ஏக்கர் நிலம் வாங்கி, விடுதலைப் பண்ணை என்ற கூட்டுறவைத் தொடங்கினார். மாதச் சந்தா ஒரு டாலர். அதைக் கட்ட முடியாத குடும்பங்களே அதிகம், அவர்களுக்கும் காய்கறி போனது. பிறகு மேலும் 640 ஏக்கர் சேர்ந்தது. பீன்ஸ், வெண்டை, கீரை எல்லாம் சாப்பாட்டுக்கு. பருத்தியும் சோயாவும் கடன் அடைக்க. ஏழை வெள்ளைக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டவும் ஏற்பாடு நடந்தது.

அந்தப் பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளம் ஒரு வருடம், வறட்சி ஒரு வருடம். நன்கொடை குறைந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் கொண்டுவரும் ஒருவரின் உடம்பை நம்பியே நிறுவனம் நின்றது. அந்த உடம்பு ஏற்கெனவே வினோனாவில் உடைந்த உடம்பு. இரத்த அழுத்தம், பிறகு மார்பகப் புற்றுநோய். 1970களின் நடுவில் கடனுக்கும் வரிக்குமாக நிலம் பெரும்பாலும் கைவிட்டுப் போனது. கணக்கு வழக்கை நடத்த ஆள் பயிற்றாமல் ஆரம்பித்ததும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம். நம் பகுதிகளில் கூட்டுறவு தொடங்க நினைக்கும் தோழர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசி ஆண்டுகளில் அவரைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மருந்துக்கே பணத் தட்டுப்பாடு. கணவர் பெரி ஹேமர்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். விடுதலை பெற்ற அடிமைகள் 1887-இல் தாங்களே உருவாக்கிய ஊர் மவுண்ட் பேயு. அந்த ஊர் மருத்துவமனையில் 1977 மார்ச் 14 அன்று ஹேமர் இறந்தார். வயது 59.

அடக்க ஆராதனை வில்லியம்ஸ் சாப்பல் ஆலயத்தில் நடந்தது. சிறிய ஆலயம், கூட்டம் வெளியே நின்றது. ஐ.நா. சபைக்கான அமெரிக்கத் தூதர் வந்து இரங்கல் உரை ஆற்றினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வினோனா சிறைக்கு வந்து அவரை மீட்டுப்போன அதே ஆண்ட்ரூ யங். விடுதலைப் பண்ணைக்காக வாங்கிய நிலத்தில், கைவிட்டுப் போகாமல் மிஞ்சிய ஒரு துண்டில் ஹேமரை அடக்கம் செய்தார்கள். 1992-இல் பெரி ஹேமரும் இறந்தார். அவரை அதே நிலத்தில் மனைவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.